தேயிலை உரம் போட்ட கத்தரி

தெஹிவளையில் என் ஃப்ளாட் பல்கனிச் செடிகளுக்கு நான் வாங்கும் உரப் பைக்கற்றில் மூன்று எண்கள் இருக்கின்றன. முதலாவது இலைக்கு, இரண்டாவது வேருக்கு, மூன்றாவது பூவுக்கும் காய்க்கும் என்று கடைக்காரர் விளக்கும்போதெல்லாம் சித்தப்பாவின் ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு வரும். அவர் கொண்டுவந்த உரத்தில் முதலாவது மட்டும் தாராளமாக இருந்தது.

அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டின் மேல்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். மொட்டை மாடியில், பழைய பெயின்ற் வாளிகளில் அம்மா கத்தரி வைத்திருந்தாள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணம் வரை கொழுந்து பறித்தவள். கொழும்பில் அவளுக்கு மண் என்று இருந்தது அந்த வாளிகள் மட்டும்தான்.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தின் உர ஸ்டோரில் வேலை செய்தார். வருகிறபோதெல்லாம், மூட்டைகளிலிருந்து சிந்தியதைக் கூட்டி அள்ளி ஒரு ஷொப்பிங் பையில் கட்டிக்கொண்டு வருவார். மற்றவர்களின் சித்தப்பாமார் பிஸ்கட் கொண்டுவருவார்கள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அம்மாவோ இரண்டு கையாலும் வாங்கி, செடிகளுக்கு அள்ளி அள்ளிப் போடுவாள்.

செடிகள் என் தோளுக்கு வளர்ந்தன. ஒவ்வோர் இலையும் சாப்பாட்டுத் தட்டளவு. பூ மட்டும் இல்லை. தீபாவளியன்று மொட்டை மாடிக்கு வந்த வீட்டுக்கார அன்ரி அந்தக் காட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, ஒரு காயும் இல்லை. தண்ணி ஊத்தி ஊத்தி என்ரை சீலிங்தான் ஊறுது. பொங்கலுக்குள்ள காய்க்காட்டி உந்த வாளியளை எடுத்துப்போடுங்கோ."

அம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பின்னேரம் மாடிக்குப் போய் இலைகளைத் தடவிக்கொண்டே நின்றவள், திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"இது தேயிலைக்குக் கலந்த உரம்! தேயிலைக்குக் காய் எதுக்கு? கொழுந்துதானே வேணும்!"

அன்றோடு சித்தப்பாவின் பை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. தெருமுனை பேக்கரியின் விறகுப் போறணையிலிருந்து சாம்பல் சுமந்து வருவது என் வேலையானது. மீன் முள்ளைக் காயவைத்து இடித்து, அம்மா அதோடு கலந்து போட்டாள். பூ வந்தது. மார்கழி முடிவதற்குள் காய்கள் ஊதா நிறத்தில் பளபளத்துத் தொங்கின. முதல் பறிப்பு அன்ரிக்குப் போனது. அதன் பிறகு சீலிங் ஊறுவதாக யாரும் சொல்லவில்லை.

பொங்கலுக்குச் சித்தப்பா வந்தார், வழக்கம்போல் பையும் கையுமாக. கத்தரிக்காய்க் குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

"எப்புடி அண்ணி, நம்ம உரம்?"

"எல்லாம் நீங்க கொண்டாந்ததுதான் தம்பி."

சட்டையெல்லாம் கரியாக்கிக்கொண்டு சாம்பல் சுமந்தவள் நான்! எனக்கு வந்ததே கோபம். வாயைத் திறப்பதற்குள் தொடையில் அம்மாவின் கிள்ளு விழுந்தது. சித்தப்பா வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் வருவதற்கு முதல் நாள், அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் பையை எடுத்துப்போய், வாளிக்கு ஒரு சிட்டிகை வீதம் தூவியதை நான் பார்த்திருந்தேன். பிறகும் அவர் வருகிறார் என்று தெரிந்தால் அப்படித்தான் செய்வாள். அந்தச் சிட்டிகை கத்தரிக்கு என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.