வீட்டுக்காரன் ரூமு

கதவைத் திறந்ததும் ஹில்டா முதலில் மோந்து பார்ப்பாள். திருவொற்றியூர்க் கடற்காற்றின் உப்புவாடை துளி தெரிந்தாலும் ஜன்னல் இடுக்கில் பழந்துணியைத் திணித்துவிட்டுத்தான் மறுவேலை. செருப்பு வெளியே. பீடியோடு வருகிறவரும் வெளியே. பிறகு அலமாரி அலமாரியாக நிற்கும் கம்ப்யூட்டரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். "சூடு கம்மியாத்தான் கீது. இன்னிக்கு வம்பு பண்ணாது."

ராயபுரத்துக்காரி. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கம்ப்யூட்டர் படிக்கிற கார்டில் துளை போடும் வேலைக்குத்தான் இந்தத் தொழிற்சாலைக்கு வந்தாள். ஆறே வருஷம், கம்ப்யூட்டரை ஆள்கிறாள். இயக்குகிறாள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

ஸ்டோர்ஸ், உற்பத்தி, சரக்கனுப்பும் பிரிவு மூன்றும் அந்த ஒரு மெஷினுக்கு ரேஷன் கடை வரிசைபோல் முட்டி மோதிக்கொண்டிருந்தன. எழுபத்து நாலில்தான் அதை உள்ளுக்குள் பங்கு பிரித்து, மூன்று பேரையும் ஒரே சமயத்தில் குடிவைக்கும் ஏற்பாடு வந்தது. கணக்குப் போட்டவள் ஹில்டா. "ஒரே வூடு, மூணு குடித்தனம். ஒருத்தன் அடுப்புப் பொகை இன்னொருத்தன் கண்ணுல படக்கூடாது. அவ்ளோதான் வித்தை."

காகிதத்தில் மூன்று கட்டம் போட்டவள், நாலாவதாக ஒன்றைச் சும்மா விட்டிருந்தாள். மெஷினை மேய்க்கிற புரோகிராமுக்கான இடம் அது. அவள் வைத்த பெயர், வீட்டுக்காரன் ரூமு.

அதிகாரி தாமோதரனுக்கு அந்தக் கட்டம் கண்ணை உறுத்தியது. "நாளைக்குச் சாயங்காலம் கப்பல் கிளம்புது. இவ்வளவு இடத்தைக் காலியாப் போட்டு வெச்சிருக்கியே? சரக்கு லிஸ்ட்டுக்குக் கொடு."

"அது காலி இல்ல சார். நாங்க வாடகைக்குக் குடியிருக்கற வூட்டுக்காரரு அப்பிடித்தான், தன்னோட ரூமைக்கூட ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு வுட்டாரு. தண்ணிக் கொழாயை மூடுற திருகு அந்த ரூமுக்குள்ளதான் கீது. அந்தக் குடும்பம் பூட்டிக்கினு வேளாங்கண்ணி போன அன்னிக்கிப் பாத்து முற்றத்துல பைப்பு வெடிச்சுது. அஞ்சு குடித்தனமும் முழங்கால் தண்ணில நின்னோம். வூட்டுக்காரரு பூட்டைப் பாத்துக்கினு நிக்கறாரு!"

தாமோதரன் சிரிக்கவில்லை. "நாளைக்கு மூணு மணிக்குள்ள லிஸ்ட் வரலேன்னா நீ கார்டு ரூமுக்கே திரும்பிப் போயிடணும்."

"போறேன் சார். ஆனா அந்த ரூமை மட்டும் வுட மாட்டேன்."

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற கூட்டம் அது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் மறுநாள் காலை கார்டு ரூமைத் தாண்டும்போது நடையை எட்டிப் போட்டாள். கார்டு ரூமுக்குத் திரும்பினால் அங்கிருக்கும் பெண்களின் முகத்தில் எப்படி விழிப்பது?

பதினொன்றரை மணிக்குச் சரக்கு லிஸ்ட் புரோகிராம் செக்குமாடாகச் சுற்ற ஆரம்பித்தது. ஒரு வரிகூட அச்சாகவில்லை. தாமோதரன் பதறி ஓடிவந்தார். "எல்லாத்தையும் நிறுத்திடு! முதல்லேர்ந்து ஆரம்பி!"

நிறுத்தினால் மற்ற இருவரின் காலை வேலையும் பாழ். மூன்று மணிக்குள் எதுவும் முடியாது. ஹில்டா "மாதாவே" என்று ஒரு தரம் சொல்லிக்கொண்டாள். யாருக்கும் விடாத வீட்டுக்காரன் ரூமு அவள் கட்டளைக்குக் காத்திருந்தது. அங்கே இருந்தபடியே சரக்கு லிஸ்ட் குடித்தனத்தை மட்டும் வெளியேற்றினாள். பக்கத்தில் ஸ்டோர்ஸ் பட்டியல் தன்பாட்டுக்கு அச்சாகிக்கொண்டிருந்தது. உற்பத்திக் கணக்கும் நிற்கவில்லை. தண்ணீர் அவர்கள் வாசலைத் தொடவே இல்லை.

கார்டுக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நடுவில் ஒன்று தலைகீழாகச் சொருகியிருந்தது. "கஸ்மாலம், நீதானா!" என்று அதைத் திருப்பி வைத்து மறுபடி குடியேற்றினாள். இரண்டு நாற்பதுக்கு லிஸ்ட் கையில் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்கு ஜீப் பறந்தது. அந்த நிமிஷம் ஹில்டா குதித்த குதியில் தலை கூரையில் இடிக்காதது ஆச்சரியம்.

ஆறு மணிக்குத் தாமோதரன் மேஜையில் டெலிபோன் அடித்தது. துறைமுகத்திலிருந்து சரக்கு குமாஸ்தா சௌக்கத் அலி. குரல் அறை முழுக்கக் கேட்டது.

"லிஸ்ட்டு பஷ்ட் கிளாஸ் சார்! ஒரு பொட்டி மாறல. கப்பலு கெளம்பிடுச்சு. கம்ப்யூட்டரு சாராண்ட ஒரு வார்த்தை பேசணுமே, அவரு கீறாரா?"

தாமோதரன் நாற்காலியை விட்டு எழுந்து, ரிசீவரை ஹில்டாவிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டு, அவர் நாற்காலியிலேயே சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க பாய், கம்ப்யூட்டரு சாருதான் பேசறேன்."