நிமிர்த்தி வைக்காத பிள்ளை

என் மூத்த மகளுக்கு இடது காது கேட்காது. அக்கரப்பத்தனைக் குளிர்தான் அதற்குக் காரணம் என்று சொல்லாதவர்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் கிடையாது. நானும் அதை நம்பி, கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் தலையில் கம்பளிக் குல்லாவை இறுக்கி மாட்டினேன். குல்லாவுக்குள்ளேயே காதில் சீழ் வடிந்தது.

அது தொண்ணூறுகள். பால்கொடுக்கும் தாய்மார் மலையிலிருந்து இறங்கிவர ஒரு நேரம் விடுவார்கள். கொழுந்துக் கூடையைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடுவேன். நாங்கள் வேலைக்குப் போனால் பிள்ளைகளை விட்டுவைக்கிற இடம் அது. அவசர அவசரமாகப் பால் கொடுத்து, வாயைத் துடைத்து, தொட்டிலில் மல்லாக்கப் போட்டுவிட்டுத் திரும்ப ஓட வேண்டும். பிந்தினால் கங்காணி மலை முழுக்கக் கேட்கிற மாதிரி ஏசுவார். நான் வாசலைத் தாண்டுவதற்குள் அவள் கக்கிவிடுவாள். புளித்த வாடை அடிக்கும். "கக்குற பிள்ளதான் உப்பி வளரும், நீ போ" என்பார் அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அக்கா. நானும் போய்விடுவேன்.

காதில் தாய்ப்பாலைப் பீய்ச்சினேன். பூண்டு காய்ச்சிய எண்ணெய் விட்டேன். தோட்டத்து மருந்துக்காரர் பஞ்சு வைத்தார். எல்லா வைத்தியமும் காதுக்குத்தான். வயிற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டவர் நுவரெலியாவில் ஒரு சிங்கள டாக்டர். அதற்குள் அவளுக்கு நான்கு வயது. பால் கொடுத்தபின் எவ்வளவு நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருந்தாய் என்று கேட்டார். வைத்ததே இல்லை, நான் வாசலைத் தாண்டுவதற்குள் கக்கிவிடுவாள் என்றேன். கக்கும்போது வயிற்றுப் புளிப்பு தொண்டை வழியாக நடுக்காதுக்கும் ஏறலாம், சில பிள்ளைகளுக்குக் காது ஆறாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். இருக்கலாமாம்! அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மகன் பிறந்தான். கத்துகிறவர் கத்தட்டும் என்று, பால் கொடுத்த பிறகு அவனை அரைமணி நேரம் தோளிலேயே வைத்திருந்தேன். கங்காணிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். வேலையும் போகவில்லை, குடியும் முழுகவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. மூத்தவளுக்கு ஏன் எனக்கு இந்தத் துணிச்சல் வரவில்லை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா, தம்பிய மட்டும் இம்புட்டு நேரம் தூக்கி வச்சிருக்க?"

"ஒன்னய இப்படி வச்சிருந்தா ஒனக்கும் காது கேட்டிருக்குமோ என்னமோ" என்றேன். அவளுடைய இடது காதுப் பக்கம் குனிந்துதான் சொன்னேன்.

"என்னம்மா?" என்று வலது காதைத் திருப்பினாள்.

"ஒண்ணுமில்ல. போய் வெளயாடு."