ஒரு ஓவர் தள்ளி எழுதிய ஸ்கோர்

ரேடியோ ரிப்பேர் தொழிலில் வால்வு போனால் மாற்றிவிடலாம், பெயர் போனால் மாற்ற எந்தக் கடையிலும் சாமான் கிடையாது. எழுபதுகளில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கடை வைத்திருந்தேன். டெஸ்ட் மேட்ச் நாட்களில் என் மேஜை ரேடியோவில் இங்கிலீஷ் கமென்டரி கேட்டு, வாசலில் இருந்த கரும்பலகையில் ஸ்கோர் எழுதுவேன். நெசவாளர்கள் தறியை நிறுத்திவிட்டு வந்து பார்ப்பார்கள். பார்த்ததோடு விட்டார்களா? பந்தயமும் கட்டினார்கள். கடை வாசலில் கூட்டம் சேர்த்து அவஸ்தைப்பட்டவர்களுக்கு என் கதை சொல்லாமலே புரியும்.

பட்டு வைத்தியம்

முனுசாமி அண்ணன் பட்டு நெய்கிறவர். புதிதாக வாங்கிய டிரான்சிஸ்டரில் ஸ்டேஷன் முள்ளை நகர்த்தும் நூல் அறுந்துவிட்டது. அறுந்த இழையைப் பிணைப்பதுதானே அவருக்கு அன்றாட வேலை? தானே திறந்து, தறியில் மிஞ்சிய பட்டு இழையைக் கட்டிவிட்டார். பட்டு வழுக்கியது. குமிழ் சுற்றியது, முள் அசையவே இல்லை.

எங்கள் பக்கத்தில் பாதி ரேடியோ இப்படித்தான் வரும். சாதாரண நூல் போதும் என்றதும் அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அசல் பட்டு போட்டேம்பா, அதோட அருமை இந்தப் பொட்டிக்குத் தெரியல!"

தரகரின் யோசனை

கல்கத்தாவில் மேட்ச். ஜரிகைத் தரகர் ஒருவர் என் மேஜையருகே வந்து உட்கார்ந்தார். விக்கெட் விழுந்தால் ஒரு ஓவர் கழித்து எழுத வேண்டும், அவ்வளவுதான். பதிலுக்குப் பட்டுக்கடை ரேடியோக்கள் எல்லாம் என்னிடமே ரிப்பேருக்கு வருமாம். நான் ஒப்புக்கொண்டேன். ஆசைதான், வேறென்ன?

நாற்பத்தாறில் இருந்த நம் ஆட்டக்காரர் அவுட் ஆனார். சாக்பீஸை எடுக்காமல் இருந்தேன். தரகர் வெளியே போய், "அவன் அம்பது அடிக்க மாட்டான், யார் வர்றீங்க?" என்றார். பலகையைப் பார்த்து, ஆட்டக்காரர் இன்னும் அவுட் ஆகவில்லை என்று நம்பிய முனுசாமி அண்ணன், என்னிடம் ரிப்பேரில் இருந்த அந்த டிரான்சிஸ்டரையே பந்தயம் வைத்தார். ஆறு பந்து கழித்து நான் 'அவுட்' என்று எழுதினேன். தரகர் என் காதோரம் சொன்னார்: "பொழைக்கக் கத்துக்கினப்பா!"

ஓடுகிற பொருள்

மறுநாள் காலையில் முனுசாமி அண்ணன் வந்தார். விஷயம் தெரிந்து என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ ரிப்பேர் முடிந்ததா என்று கேட்டார். தோற்றுப்போன ரேடியோவுக்கு என்ன அவசரம் என்றேன். "தோத்தது நானு. ஓடாத பொருள அவர் கையில குடுத்தா அசிங்கம்பா. நல்லா பாட வச்சிக் குடு."

சாக்பீஸ்

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பலகையைத் துடைத்து, 'நேற்று விக்கெட்டை வேண்டுமென்றே ஒரு ஓவர் தாமதமாக எழுதினேன். தப்பு என்னுடையது. அந்தப் பந்தயம் செல்லாது' என்று எழுதினேன். வெட்கத்தில் எழுத்து கோணலாக விழுந்தது. ஜெயித்த ரேடியோவை வாங்க வந்த தரகரை, கூடியவர்கள் உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார்கள். போகும்போது அவர் எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்: "நீ உருப்படவே மாட்டே!"

சொன்னபடியே பட்டுக்கடை ரேடியோ ஒன்றுகூட வரவில்லை. அதைவிட, பலகையைப் படித்துவிட்டு நேரே தறிக்குத் திரும்பிப் போன முனுசாமி அண்ணன்தான் என்னை வதைத்தார்.

சத்தம் போதும்

அன்று மேட்ச் தொடங்கும் நேரத்துக்கு அண்ணன் திரும்பி வந்தார். சரிசெய்த டிரான்சிஸ்டரை வாங்கிப் பலகைக்குப் பக்கத்தில் வைத்து, முழுச் சத்தத்தில் திருகினார். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். இங்கிலீஷ் கமென்டரி புரியுமா அண்ணே என்றேன். "நீ எழுதுப்பா. இங்கிலீஷ் புரியாது, மைதானத்துல ஜனங்க கத்துறது புரியுது இல்ல? கத்தி முடிக்கிறதுக்குள்ள போர்டு மாறிக்கினு இருக்கணும்!"

வேறு ஊர்களில் ஆட்டம் எப்படி நடந்ததோ தெரியாது, எங்கள் தெருவில் அது கடைசிவரை யோக்கியமாக நடந்ததற்கு ஒரே காரணம், என்னை அதன்பிறகு யாரும் முழுசாக நம்பாததுதான்.