ஜாணக்கா அளந்த டப்பாக்கள்

கிடங்கில் அவளை எல்லோரும் ஜாணக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆன்லைனில் ஆர்டர் வருகிற சாமான்களை டப்பாவில் வைத்து டேப் ஒட்டுகிற வேலை, ஒன்பது வருஷமாக ஒரே மேஜை. எதைக் கையில் கொடுத்தாலும் விரல்களை விரித்து ஒரு ஜாண் பிடித்துப் பார்ப்பாள். பார்த்த கையோடு, இதற்கு இந்த டப்பா என்று சொல்லிவிடுவாள். நம்பாமல் டேப் வைத்து அளந்து மூக்குடைபட்டவர்கள் உண்டு.

ஆனால் அவள் பேச்சு அங்கே எடுபடாது. எந்த டப்பா என்று சொல்வது கம்ப்யூட்டர். வருவது ஒரு சீப்பு. திரை கேட்பது ஏழாம் நம்பர் டப்பா. அதில் குக்கரையே வைக்கலாம். மிச்ச இடத்தில் காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளைத் திணிக்க வேண்டும்.

"காத்தை விக்கிற கம்பெனிடி இது," என்று பக்கத்து மேஜைக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

வீட்டுக்குப் போனால் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும். அந்த டப்பாக்களை ஏற்றிக்கொண்டு போகிற வேன் டிரைவர் அவள் புருஷன்தான். இருபது டப்பாவுக்கு மேல் வேனில் ஏற்ற இடமிருக்காது. ஊருக்குள் ஒரு நடை போய்விட்டு, மறுபடி ஒரு மணி நேரம் ஓட்டிக் கிடங்குக்கு வந்து, மறுபடி ஏற்றி, இப்படி நாளுக்கு மூன்று நடை. அவனுக்கு முதுகுத்தண்டில் வட்டு நழுவியிருந்தது. வண்டியில் உட்காருவதைப் பாதியாகக் குறைக்காவிட்டால் இடது கால் மரத்தே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவனுக்குத் தெரிந்த தொழிலோ அது ஒன்றுதான்.

டப்பா சின்னதானால் நடை குறையும். இது அவள் போட்ட கணக்கு. இதைத் தப்பென்று யார்தான் சொல்வார்கள்?

கம்ப்யூட்டர் ஏன் இப்படி உளறுகிறது என்று ஒருநாள் துருவிப் பார்த்தாள். சீப்புகள் டஜன் டஜனாக ஒரு பெட்டியில் வரும். விற்கிற மகராசன் அந்தப் பெட்டியை அளந்து, அதையே ஒரு சீப்பின் அளவென்று எழுதி அனுப்பியிருந்தான். சோப்பு, சார்ஜர், கரண்டி எல்லாவற்றுக்கும் இதே சோம்பேறித்தனம். சாப்பாட்டு இடைவேளையில் பத்தே நிமிஷத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு, மிச்ச நேரமெல்லாம் ஒவ்வொன்றாக அளந்தாள். கிழிந்த அட்டைகளின் பின்பக்கம் எழுதி வைத்தாள். எட்டு மாசம் ஆயிற்று.

அட்டைக்கட்டைப் பார்த்த சூப்பர்வைசர் வாயெல்லாம் பல்லானார். "மேல இருந்து பசுமை, பசுமைன்னு உயிரை வாங்குறாங்கக்கா. நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க."

அளவுகள் கம்ப்யூட்டரில் ஏறின. சீப்பு இரண்டாம் நம்பருக்கு இறங்கியது. காற்றுப் பைகள் மூலையில் தூசி படிந்து கிடந்தன. வாசல் சுவரில் பச்சை இலைப் படம் போட்டு, நடுவில் ஜாணக்காவின் போட்டோவை மாட்டினார்கள். மூன்று நடை இரண்டாகக் குறைந்தது. பதினோரு நாள் அவன் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தான், மகளோடு உட்கார்ந்து சாப்பிட்டான். அந்தப் பதினோரு நாளும் அவள் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் சூப்பர்வைசர் எல்லோரையும் கூப்பிட்டார். "வேன்ல இடம் மிச்சமாகுது. அதனால இனிமே ஆர்டர் போட்ட ரெண்டு மணி நேரத்துல சாமான் வீட்டுல இருக்கணும். வேன் நிறையட்டும்னு யாரும் நிக்க வேணாம். மணி அடிச்சா கிளம்பிடணும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். இரண்டு நடை ஆறானது.

"நடை குறையத்தானே சார் நான் அளந்தேன்?" என்று போய்க் கேட்டாள்.

"டப்பா சின்னதாயிடுச்சுல்லக்கா? மேல அதைத்தான் பாக்குறாங்க."

"வண்டி விடுற புகையை யாரும் பாக்கலையா?"

"அது வேற டிபார்ட்மென்ட்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் வீம்புக்கு எல்லாவற்றையும் ஏழாம் நம்பரிலேயே போட்டாள். வேனை அடைத்துவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தாள். எங்கே அடைப்பது? மணி அடித்ததும் வேன் முக்கால்வாசி காலியாகவே கிளம்பிப் போனது. சூப்பர்வைசர்தான் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். "உங்க போட்டோவை மாட்டி வச்சிருக்கோம். நீங்களே இப்படிப் பண்ணலாமாக்கா?"

நேற்று சாயங்காலம் அவனுக்கு வேனிலிருந்து இறங்க முடியவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். தரையில் படுக்க வைத்து, இடது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நான்தாங்க உங்களைக் கெடுத்தேன். சும்மா இருந்திருக்கலாம்," என்று அழுதாள்.

"நீ என்ன பண்ணுவ? ஜாண் ஏறினா முழம் சறுக்குது, விடு," என்றான். "கடைசி நடையில என்ன கொண்டுபோனேன் தெரியுமா?"

"என்ன?"

"ஒரு சீப்பு. அவ்வளவு பெரிய வேன்ல ஒண்ணே ஒண்ணு." கூரையைப் பார்த்தபடி சிரித்தான். "டப்பா மட்டும் கச்சிதமா இருந்துச்சு."

அவள் அந்தக் காலைப் பாதத்திலிருந்து முழங்கால் வரை அழுத்தி அழுத்திப் பிடித்துவிட்டாள்.

"காலைப் பிடிச்சுவிடப் போறியா? எப்பத்தான் ஆரம்பிப்ப?" என்று கேட்டான்.