விழத் தெரியாத மாமா

தொப்பை போட்ட முன்னாள் ஓட்டக்காரன் ஒருவன் வாரம் தவறாமல் தடுக்கி விழுவான், கால்சட்டை டர்ரென்று கிழியும். இந்தக் கண்றாவி டிவி தொடரைப் பார்த்து ஊரே வயிறு வலிக்கச் சிரிக்கிறது. நாயகனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால், அவருக்குப் பதிலாக விழ என் அக்கா கணவரைக் கூப்பிட்டார்கள். மாமா இப்போது லிஃப்ட் பழுதுபார்க்கிறார். ஒரு காலத்தில் தடை தாண்டும் ஓட்டப்பந்தயங்களில் ஓடியவர்.

துணைக்கு நானும் போய்த் தொலைத்தேன். தையல் பிரித்த கால்சட்டையுடன் மாமா ஓடினார். தடுக்கி விழ வைத்திருந்த தடை நெருங்கியதும் பாழாய்ப்போன கால் தானாக எழும்பி, அழகாகத் தாண்டிவிட்டது. ஒன்பது டேக்கிலும் அதே கதை. தொப்பை குலுங்கியதே தவிர, தடை அசையவில்லை.

இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயா, உங்களைத் தாண்டவா கூப்பிட்டோம்? விழுங்கய்யா!"

"கால் கேக்க மாட்டேங்குது சார்."

"வாழ்க்கையில ஒரு தடவைகூட விழுந்ததில்லையா?"

மாமா கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"விழுந்திருக்கேன் சார். தேசியப் போட்டி ஃபைனல். நான்தான் முன்னாடி ஓடிட்டிருந்தேன். கடைசித் தடையில, ஒரே டேக்குல ஓகே ஆயிடுச்சு."