காய்ச்சல் கண்ட தூண்

கல் அறுக்கிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்கு வாய் கசந்துவிடும். நேற்றுகூட ஓசூரில் எங்கள் தெருவில் யாரோ சமையல் மேடைக்குக் கிரானைட் அறுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பட்ட கல்மாவு வாசனை ஜன்னல் வழியாக வந்து சோற்றில் விழுந்தது, தட்டை நகர்த்திவிட்டேன். காரணம் கேட்டீர்கள். சொல்கிறேன், சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். பேய், ஆவி என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் வேலை; சத்தம் வந்தால் பேரிங்கைப் பார்ப்பேன், சூடு வந்தால் மோட்டாரைப் பார்ப்பேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மந்திரம்.

போன ஆகஸ்டில் புது மெஷினைப் பழகிக்கொண்டு வரச் சொல்லி என்னை மிலானுக்கு அனுப்பினார்கள். அங்கே ஆகஸ்ட் என்றால் ஊரே கடையை மூடிக்கொண்டு கடலுக்குப் போய்விடும் என்று எங்கள் ஆபீசில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஆயுத பூஜைக்கு மறுநாளே மெஷினை ஓட்டுகிறவர்கள் அல்லவா, ஒரு ஊர் மொத்தமும் லீவு எடுக்கும் என்று எப்படித் தோன்றும். அந்தக் கம்பெனி கேட் பூட்டியிருந்தது. போன் செய்தால் எங்கள் மேனேஜர், டிக்கெட்டை மாற்ற முடியாது, சுற்றிப் பார்த்துவிட்டு வா என்றார்.

எதைப் பார்ப்பது? இறக்கிய ஷட்டர்கள், காலியாக ஓடும் டிராம், நடு ரோட்டில் உட்கார்ந்து இறகு கோதும் புறா. வெயில் மட்டும் வேலைக்கு வந்திருந்தது. நடக்க நடக்க எனக்குக் கோபம் ஏறியது. அந்த ஊர்மீது உனக்கென்ன கோபம் என்பீர்கள். என் அண்ணன் மாதேஷ் பர்கூர்ப் பக்கம் ஒரு கருங்கல் குவாரியில் பாறையில் துளை போடுகிறவன். அங்கே வெட்டுகிற கல் கப்பலேறி இந்த மாதிரி ஊர்களுக்குத்தான் வரும். மேல்தட்டிலிருந்து விழுந்து செத்தான். குடித்துவிட்டு வந்து விழுந்தான் என்று மேஸ்திரி சொல்லிவிட்டான், ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. அண்ணியைக் குழாயடியில்கூட குடிகாரன் பொண்டாட்டி என்றுதான் பேசினார்கள். அண்ணன் குடிக்க மாட்டான். எதைக் காட்டி நிரூபிப்பது?

மத்தியானம் ஒரு பெரிய கட்டிடத்தின் முகப்பில் நிழலுக்கு ஒதுங்கினேன். வரிசையாகக் கருப்புக் கல் தூண்கள், கண்ணாடி மாதிரி மெருகு. எங்கள் பக்கத்துக் கல். வேறு ஊர்க் கல்லாகவும் இருக்கலாம், அதற்காகச் சண்டைக்கு வரமாட்டேன். அப்போதுதான் காதருகே கேட்டது, அண்ணன் குரல், அதே நக்கல்.

"ஊருக்கே லீவு உட்டுட்டாங்களாடா?"

திரும்பினேன். புறாகூட இல்லை.

"நான் ஒரு நாளுதான் கேட்டேன். காய்ச்சல்ல ஒடம்பு கொதிக்குது, மேல ஏற முடியலன்னேன். மேஸ்திரி உடல. நீயே தொட்டுப் பாரு."

கை தானாகப் போய்த் தூணில் பட்டது. சில்லென்று இருந்த கல்லில், ஆள் நெற்றி உயரத்தில், ஓர் உள்ளங்கை அளவு மட்டும் கொதித்தது. லேசாக ஈரம். நம்பினால் நம்புங்கள், அப்போதும் புத்தி வேலையைத்தான் பார்த்தது: உள்ளே ஒயர் போகிறதா, பைப் போகிறதா என்று சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தேன். மற்ற தூண்களையெல்லாம் தொட்டேன், கிணற்றுத் தண்ணீர்க் குளிர்ச்சி. திரும்பி வந்து தொட்டால் அந்த இடம் கொதிக்கிறது. அண்ணா என்று கூப்பிட்டேன். தெருவே கேட்கிற மாதிரி மேஸ்திரியைத் திட்டினேன், தமிழில், தெலுங்கில், கன்னடத்தில், தெரிந்த அத்தனையிலும். ஒரு ஜன்னலும் திறக்கவில்லை.

ஊர் திரும்பியதும் பர்கூர் போய் அண்ணியிடம் சொன்னேன். அவர் அழவில்லை. விழுந்த அன்று காலையில் அண்ணனுக்குக் காய்ச்சல் அடித்ததும், லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனதும் உண்மைதானாம். யாரிடமும் சொல்லவில்லையாம், காய்ச்சலோடு ஏன் அனுப்பினாய் என்று தன்னையே கேட்பார்கள் என்ற பயம். செத்தவன்மேல் பழி, இருக்கிறவளுக்குப் பயம், மேஸ்திரிக்கு மட்டும் நிம்மதியான தூக்கம். அவன் வீட்டுக்குப் போகக் கிளம்பினேன். யார் சொன்னது என்று கேட்டால் தூண் சொன்னது என்றா சொல்வது? அண்ணி தடுத்துவிட்டார்.

பஸ் ஏற்றிவிடக் கூடவே வந்தார். படியில் கால் வைக்கும்போது என் உள்ளங்கையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. பிறகு மெல்லக் கேட்டார்.

"காய்ச்சலோட அவர அங்கயே உட்டுட்டா வந்தீங்க, தம்பி?"