கீதாக்கா சீட்டு

எங்கள் சைக்கிள் சங்கத்தின் நெடும்பயணங்களில் ஒரு குட்டியானை சரக்கு வண்டி பின்னாலேயே வரும். டிரைவரையும் சேர்த்து மூன்று பேர் முன்னால் ஒடுங்கி உட்காரலாம். ஓட்டுபவர் வண்டியின் சொந்தக்காரர் செங்கோட்டையன். ஓரத்தில் நான். யார் எப்போது எந்த ஊரைத் தாண்டினார்கள் என்று எழுதுவது என் வேலை. மில்லில் டைம் ஆபீசில் இருந்தவனுக்கு வேறென்ன வேலை தருவார்கள்? நடுவில் இருக்கும் இடம், மிதிக்க முடியாமல் போனவர்களுக்கு. அதற்குச் சங்கத்தில் ஒரு பெயர் உண்டு. கீதாக்கா சீட்டு.

கீதா, செங்கோட்டையனின் மனைவி. பவானியில் பிறந்து கோவைக்கு வாழ வந்தவர். கணபதியில் ஒரு பம்புசெட்டுப் பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறார். கொரோனாவில் பஸ் நின்றபோது மகளின் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தவர், பஸ் மறுபடி ஓடிய பிறகும் சைக்கிளை விடவில்லை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு வந்தார். வேகம் கிடையாது. பாதியில் நின்றதும் கிடையாது, ஒரு தடவை தவிர.

அது போன வருடப் பொங்கல் விடுமுறையில். பேரூரில் கிளம்பி, உள்சாலைகளில் பவானிக்குப் போய், அங்கிருந்து காவிரியை ஒட்டியே பூம்புகார் வரை ஐந்து நாள் பயணம். கடைசி நாள் மாயவரம் தாண்டி தெருவிளக்கு எரிந்தபோது கீதா இன்னும் சாலையில் இருந்தார். விளக்கு எரிந்த பிறகு யாரும் மிதிக்கக் கூடாது, வண்டியில் ஏறிவிட வேண்டும் என்பது சங்கத்து விதி. அதை எழுதியவன் நான். ஏறச் சொன்னவனும் நான். ஏறினார். பூம்புகாருக்கு வண்டியில்தான் போய்ச் சேர்ந்தார். நடு சீட்டுக்குப் பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

இந்த வருடமும் அதே பயணம். கடலோரமாகவும் ஓட்ட வேண்டும் என்று சங்கத் தலைவர் ரசாக் கடைசி நாளில் மட்டும் வழியை மாற்றியிருந்தார். கும்பகோணத்திலிருந்து தரங்கம்பாடி போய்ச் சாப்பிட்டுவிட்டு, கரையை ஒட்டிய சாலையில் வடக்கே பூம்புகார். முதல் நாலு நாளும் கீதாதான் கடைசி. ஆனால் நாலு நாளும் வெளிச்சத்திலேயே வந்து சேர்ந்தார்.

தரங்கம்பாடியில் கோட்டைக்கு எதிரே வண்டியை நிறுத்தியிருந்தோம். செங்கோட்டையன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். வெயிலில் கன்னம் கறுத்து உதடு வெடித்திருந்தது.

"அதான் கடலப் பாத்தாச்சல்ல கண்ணு. இனி ஏறிக்கோயேன்."

"கடலப் பாக்கறதுன்னா டிவியிலயே பாத்திருப்பனுங்க. எங்கூரு ஆறு முடியற எடத்துக்கு மிதிச்சுப் போகோணும்."

"போன வருசமே பாத்தியல்ல?"

"உங்க வண்டில ஒக்காந்து பாத்தேன். அது நீங்க போனதுங்க. நான் போகல."

பீளமேட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் சபரீஷ் பக்கத்தில் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான். "மாமா, சீட்டத் தொடச்சு வைங்க. அக்கா சாயங்காலம் வந்துருவாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கீதாவும் சிரித்தார். பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் கை கழுவி முடிக்கும் முன்பே கிளம்பிவிட்டார்.

தை மாதத்தில் அந்தச் சாலையில் வடக்கே போனால் வாடைக்காற்று நேராக முகத்தில் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். சபரீஷ் கையை ஆட்டிவிட்டுப் பறந்தான். கீதா சுடிதாருக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தார். அதில் காற்று புகுந்து முதுகில் மூட்டை கட்டியதுபோல உப்பியது. இறங்கி, பையிலிருந்து காயில் கட்டும் நாடாவை எடுத்து, சட்டையை இடுப்போடு இறுக்கி இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். மறுபடி ஏறினார். சைக்கிள் நடக்கிற வேகத்தில்தான் போயிற்று.

செங்கோட்டையனுக்குப் பொறுக்கவில்லை. கீதாவைத் தாண்டி முன்னால் போய், வண்டியை மெல்ல உருட்டினார். காற்றை மறைக்கிறாராம். கண்ணாடியில் பார்த்தால் கீதா காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, பின்னால வாங்க."

"காத்துக்குத்தான் மறைக்கறேன் அம்மணி."

"உங்க வண்டியோட முதுகப் பாத்துட்டுப் போறதுக்கா இத்தன தூரம் வந்தேன்? பின்னால வாங்க."

பின்னால் வந்தோம்.

வானகிரிக்கு முன்னால் ஒரு பஸ் நிறுத்தத்தில் சபரீஷ் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வந்த வேகத்துக்குக் கெண்டைக்கால் இரண்டும் கல்லாகப் பிடித்துக்கொண்டன. நிற்க முடியவில்லை. கீதா இறங்கி, காலைப் பிடித்து நீவிவிட்டு, உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். செங்கோட்டையன் அவன் சைக்கிளைப் பின்னால் ஏற்றினார். அவனைத் தாங்கிப் பிடித்து நடுவில் உட்கார வைத்தோம்.

கீதா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "என்ர சீட்டுங்க தம்பி. பத்தரமாப் பாத்துக்குங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் சைக்கிளில் ஏறினார்.

இடது கைப் பக்கம் வயலுக்கு மேல் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. செங்கோட்டையன் சாலையைப் பார்த்ததைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார்.

"இருட்டப் போகுதுங்களே. ஏறச் சொல்லிப்போடலாங்களா?"

"விளக்கு இன்னும் எரியல. ஓட்டுங்க."

சபரீஷ் ஜன்னல் வழியாகக் கத்தினான். "அக்கா, நான் பின்னாடி சைக்கிளோட ஒக்காந்துக்கறேன். நீங்க வாங்க!"

"எறங்குனீங்கன்னா ஒதை உழும்! அங்கயே ஒக்காருங்க!"

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். அதன் பிறகு அவர் தலை நிமிரவில்லை. ஒரு மிதி, மூச்சு, இன்னொரு மிதி. காற்று பலமாக வீசும்போது சைக்கிள் ஒரு பக்கம் சாயும். நேராக்குவார். ஒவ்வொரு மின்கம்பத்தையும் நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தேன். எதிலும் விளக்கு எரியவில்லை. ஒன்று எரிந்திருந்தால் நிறுத்தச் சொல்லியிருப்பேன். அது அவருக்கும் தெரியும்.

பூம்புகாரில் சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் ரசாக்கும் மற்றவர்களும் நின்று கை தட்டினார்கள். கீதா நிற்கவில்லை. இறங்கி, மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய், ஆறு கடலில் கலக்கும் இடத்தில் முன்சக்கரத்தைத் தண்ணீரில் விட்டார்.

"எங்கூர்ல எவ்வளவு அகலமா ஓடுது. இங்க வந்து இத்தனூண்டாப் போச்சே" என்றார்.

நாங்கள் திரும்பி வண்டிக்கு வந்தபோதுதான் கடைத்தெருவில் முதல் விளக்கு எரிந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

செங்கோட்டையன் கீதாவின் சைக்கிளைத் தூக்கிப் பின்னால் வைத்துக் கட்டினார். நாங்கள் தங்கும் விடுதி இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தது. கயிற்றை ஒருமுறைக்கு இரண்டுமுறை இழுத்துப் பார்த்தார்.

"நடந்தே வாறியா கண்ணு?"

"எதுக்குங்க நடக்கோணும்? காலு உட்டுப் போச்சு" என்றார் கீதா. இடுப்பு நாடாவை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "அந்தத் தம்பிய எறங்கச் சொல்லுங்க. இப்ப ஏறிக்கறேன்."